உடம்பு வட்டம்

எனக்கு மூலம். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: இதை நானாக உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை நடுவில் நிறுத்திக் கேட்டுப் பிடுங்கவில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஒரு இடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

மூலம் யாருக்கும் வரலாம். எனக்கு வந்ததுதான் அநியாயம். ஏனென்றால் நான் இருப்பது நாற்காலி தொழிற்சாலை, அங்கே என் வேலை உட்காருவது. தயாராகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு நாற்காலியை எடுத்து என் அறைக்குக் கொண்டு வருவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன், கொஞ்ச நேரம் மூச்சு விடுவேன், ‘சரி’ என்றோ ‘இல்ல’ என்றோ சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். சரி என்றால் லாரி ஏறும். இல்லை என்றால் திரும்பப் போகும். ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. முதலாளியின் அப்பா காலத்தில் காரணம் கேட்டுக் கேட்டு வாக்குவாதம் முற்றி, யாரோ யாரையோ நாற்காலியைத் தூக்கி அடித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அப்படி ஒரு விதி. என் தீர்ப்பு பிசகாது என்பதால் எனக்குத் தராசு என்று பேர் வைத்தார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆக, நாற்காலியைப் பற்றி என்னிடம் காரணம் கேட்கக்கூடாது. என் உடம்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் மேனேஜர்.

மனுஷன் எங்கோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே, வேலை ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் லாரி நிற்கும் கதவுக்குப் பக்கத்தில் வட்டமாக நிற்க வைத்தார். “நம்ம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல ஒளிவு மறைவு இருக்கலாமா? இனிமே தினமும் காலைல அவங்கவங்க உடம்பு எப்படி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் மனசு விட்டுப் பேசணும்” என்றார். எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒளிவு மறைவு ஒன்றுதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதை அவரிடம் யார் சொல்வது.

இப்படித்தான் உடம்பு வட்டம் வந்தது. ஒவ்வொருவராகத் தன் உடம்பைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வைத்தியம் சொல்ல வேண்டும், கடைசியில் மேனேஜர் கைதட்டுவார். முதலில் கூச்சப்பட்டவர்கள் போகப் போகப் போட்டி போட ஆரம்பித்தார்கள். நோய் நொடி இல்லாதவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். வண்ணம் அடிப்பவர், தனக்கும் ஏதாவது இருக்கட்டுமே என்று கழுத்து வலியை உண்டாக்கிக்கொண்டார். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர்கள் திரும்பி வந்ததும் நடுவில் நின்று, வியாதியின் பேர் என்ன, எங்கே அறுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். வெல்டர் தன் பித்தப்பைக் கல்லை ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டுக் கொண்டு வந்து கைமாற்றிக் கைமாற்றிக் காட்டினார். நானும் அதை வாங்கிப் பார்த்து, “நல்லா பளபளன்னு இருக்கு” என்று சொல்லித் தொலைத்தேன். வேறு என்ன சொல்வது?

எனக்கு முன்னால் இந்த உட்காருகிற வேலையைப் பார்த்தவருக்கு முதுகுத் தட்டு விலகியிருந்தது. பாவம், வெள்ளந்தியாக வட்டத்தில் சொல்லிவிட்டார். மறுநாளே “உங்க நல்லதுக்குத்தான்” என்று அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறமும் தினம் காலையில் “தட்டு எப்படி இருக்கு, தட்டு எப்படி இருக்கு” என்று கேட்டே ஆளை ஓட வைத்தார்கள்.

பேக்கிங்கில் சூப்பர்வைசர் யார் தெரியுமா? என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். நல்ல பெண், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால், அவள் வீடு வந்து சேர்வதற்குள் அது என் மாமியாரிடம் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு மூலம் என்று வட்டத்தில் சொன்னால் மூன்றும் சேர்ந்து நடக்கும்: தராசு வேலை போகும், நாத்தனாருக்குக் கீழே அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், மாமியார் வீட்டில் கூடுகிற அத்தனை பேரும் என் பின்பக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். செத்தாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆபரேஷனுக்கு லீவு கேட்டபோது, என் சித்தி மகளுக்கு வெளியூரில் கல்யாணம் என்றேன். எனக்குச் சித்தியே கிடையாது. என் வீட்டுக்காரர் எதற்கும் ‘ம்’ கொட்டுகிறவர், இதற்கும் கொட்டிவிட்டார். திரும்பி வந்து நான் காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்துவிட்டு நாத்தனார், “என்ன அண்ணி, நடை ஒரு மாதிரியா இருக்கு?” என்று கேட்டாள். கல்யாணத்தில் ஆடிவிட்டேன் என்றேன். தராசம்மாவா ஆடினாங்க என்று அந்தத் தொழிற்சாலையே அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, ஒரு மாதம் அதிகம் உட்காரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். என் வேலையோ அதுதான். முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். உயிர் போய் உயிர் வந்தது. ‘இல்ல’ என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. அடுத்ததைக் கொண்டு வந்தார்கள், அதுவும் இல்ல. அதற்கடுத்ததும் இல்ல. என்னை யாரும் சந்தேகப்படவில்லை, அதுதான் என் தலைவிதி. தராசு ‘இல்ல’ என்று சொன்னால் நாற்காலிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். காரணம் கேட்கவும் விதி விடாது. ஆகவே ஸ்பாஞ்சைக் கூட்டினார்கள். இல்ல. இன்னும் கூட்டினார்கள். இல்ல. நாற்காலி வளர்ந்துகொண்டே போய், அதில் ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது.

கடைசியில் ஒன்று கொண்டு வந்தார்கள். அதை நாற்காலி என்று சொல்ல மனசு வராது. உட்கார்ந்ததும் நான் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு எழும்பி வந்து காதை மூடியது. ஆனால் வலி இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வலி இல்லாமல் உட்கார்ந்தேன். “சரி...” என்று சொன்னேன். சொன்னது வெளியில் கேட்கவில்லையாம், கையை நீட்டினேன், இருவர் பிடித்து இழுத்து எடுத்தார்கள். மேனேஜர் தானும் உட்கார்ந்து பார்த்தார். தலைமுடி மட்டும் வெளியே தெரிந்தது. “தராசம்மா சரின்னா சரிதான். இனிமே எல்லாத்தையும் இப்படியே செய்யுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஸ்பாஞ்சுக்காரர் என் அறைக்கு வரும் வரை. அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டுகிறவர். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். வேறு தொழில் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கதவோரம் நின்றுகொண்டு, “அக்கா, நான் எப்பவும் போலத்தான் வெட்டறேன். ஆனா நான்தான் கெட்ட ஸ்பாஞ்சு வெட்டிட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. நாளன்னிக்கு வட்டத்துல வச்சு என்னைய நிறுத்தப் போறாராம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் வேலையில் என்ன தப்பு என்று என்னிடம் தெரிந்துகொள்ள வந்தவர் போல் கேட்டார்.

சரி, வலித்தால் வலிக்கட்டும் என்று மறுநாள் காலையில் பழைய நாற்காலி ஒன்றைக் கொண்டு வரச் சொன்னேன். மேனேஜரையும் கூப்பிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “சரி” என்றேன். “ரொம்பச் சரி. ஸ்பாஞ்சு அருமை.” வாய் சரி என்று சொல்ல, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. மேனேஜர் என்னையே பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. வெளியே போய் எல்லோரையும் கூட்டி, “பாத்தீங்களா? ஒரு ஏழையோட வேலைய காப்பாத்தணும்னு அழுதுகிட்டே பொய் சொல்றாங்க. என்ன மனசு பாருங்க” என்றார். ஸ்பாஞ்சு மோசம் என்பது அதோடு உறுதியாகிவிட்டது. வெல்டர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் ஓடினேன். தையலைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டார். “ஒரு மாசம் உட்கார முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். என்ன வியாதின்னு கேக்கறதுக்கு அவங்க யாரு? உங்க உடம்பு என்ன கம்பெனி சொத்தா?” என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. இத்தனை நாள் சொல்லித்தான் ஆக வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும், வேறு வழியே இல்லை என்று நினைத்திருந்தேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதையே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன்.

மறுநாள்தான் ஸ்பாஞ்சுக்காரரை நிறுத்தப்போகிற வட்டம். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் நான் நடுவில் போய் நின்றேன்.

“ஸ்பாஞ்சு நல்லாத்தான் இருக்கு. என் உடம்புதான் சரியில்ல. ஒரு மாசம் நான் உட்காரக்கூடாது. அதனால நான் இல்லன்னு சொன்னது எல்லாம் தப்பு. இவர் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“ஐயையோ, உடம்புக்கு என்ன?” என்றார் மேனேஜர். முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

“அது என் சொந்த விஷயம் சார்.”

வட்டம் சலசலத்தது. அந்தக் கதவுப் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை. “இடுப்பா?” என்றார் ஒருவர். “முட்டியா இருக்கும்.” “கர்ப்பப்பையா?” “நரம்புதான், எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்புறம் வாய் கோணிக்கிச்சு.” வண்ணம் அடிப்பவர், கழுத்தாக இருக்கலாம் என்றார். கழுத்தால் எப்படி உட்கார முடியாமல் போகும் என்று வெல்டர் கேட்க, அவர்களுக்குள் அது தனிச் சண்டையாகப் போனது. இடுப்புக்காரர்கள் ஒரு பக்கம், நரம்புக்காரர்கள் ஒரு பக்கம் என்று வட்டம் இரண்டாகப் பிரிந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். என் நாத்தனார் இரண்டு பக்கமும் கை தூக்கினாள்.

மேனேஜர் எல்லோரையும் அடக்கினார். “தராசம்மா, நீங்க இப்படிப் பேசலாமா? பேர் இல்லாத வியாதிய நான் எப்படி எடுத்துக்கறது? வியாதி என்னன்னு சொல்லுங்க, இவர விட்டுடறேன். சொல்லலன்னா, வியாதியே இல்லன்னுதான் அர்த்தம். வியாதி இல்லன்னா ஸ்பாஞ்சுதான் தப்பு.” சொல்லிவிட்டு, சரியாகத்தானே பேசினோம் என்பது போல் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பே தெரியாத மாதிரி எவ்வளவு அழகாக ஒரு மனுஷியை மூலையில் தள்ளுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஸ்பாஞ்சுக்காரர் முன்னால் வந்தார். “அக்கா சொல்ல வேணாம் சார்” என்றார். “அவங்களுக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. ஸ்பாஞ்சு தப்புன்னே இருந்துட்டுப் போகட்டும். நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

அந்த வட்டத்தில் என் வாய் திறந்தால் லாபம் கிடைக்கக்கூடிய ஒரே ஆள் அவர். அவர் ஒருவர்தான் எனக்கு என்ன என்று கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவருடைய பெண் பிள்ளைகள் என் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

“மூலம்” என்றேன். “ஆபரேஷன் பண்ணியிருக்கு. போதுமா?”

லாரிக்காரன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினான். பிறகு பழக்க தோஷத்தில் மேனேஜர் கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்புறம் வைத்தியம் கொட்டியது. வெந்நீரில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், காரத்தைத் தொடாதே என்றார்கள். “கல்யாணத்துல ஆடினேன்னு சொன்னீங்களே அண்ணி” என்று என் நாத்தனார் மட்டும் வருத்தமாகக் கேட்டாள்.

ஸ்பாஞ்சுக்காரர் தப்பித்தார். நான் அன்று மதியமே பேக்கிங்குக்குப் போனேன், என் நல்லதுக்குத்தானாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் போனில் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் பல குரல்கள் கேட்டன. என் வீட்டுக்காரர் போனை வாங்கி ‘ம்’ என்றார், ‘ம்’ என்றார், பிறகு என்ன நினைத்தாரோ, “அது அவ உடம்பு, அவகிட்ட கேக்காதீங்க” என்று வைத்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அன்று ராத்திரி நான் அழுது தீர்த்தேன். வியாதிக்காக அழவில்லை. என்னிடமே வைத்துக்கொள்ள எனக்கென்று ஒன்று இருந்தது, அதையும் கைதட்டி வாங்கிக்கொண்டுவிட்டார்களே என்றுதான் அழுதேன்.

பேக்கிங்கில் நின்றுகொண்டு செய்கிற வேலை. ஸ்பாஞ்சுக்காரர் நடுவில் ஓட்டை போட்ட வட்டமான ஸ்பாஞ்சு ஒன்றை என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

அதற்கப்புறம்தான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. முதலில் வெல்டர் வந்தார். அட்டைப்பெட்டியைத் தட்டிப் பார்ப்பது போல் தட்டிவிட்டு, குனிந்து, “அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?” என்று என் காதில் கேட்டார். “எனக்குத்தான். நாலு வருஷமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” பித்தப்பைக் கல்லை ஊர்வலம் விட்ட மனுஷன். அவர் போனதும் வண்ணம் அடிப்பவர் வந்தார். கழுத்து வலி இல்லையாம், இதுதானாம். லாரிக்காரன் வந்தான். கணக்குப் பார்க்கும் பெண் வந்தாள், அவளுக்கு இது இல்லை, வேறொன்று, அதை நான் உங்களிடமும் சொல்ல மாட்டேன். நாற்காலி தொழிற்சாலையில் பாதிப் பேரால் உட்கார முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருவரும் போகும்போது அதே வார்த்தை: யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மாட்டேன், மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது, இருந்தாலும் சொல்லி அனுப்பினேன்.

என் நாத்தனார் வீட்டில் வைத்துத்தான் கேட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, பேசத் தெரியாதவள் போல் நின்றாள். “அண்ணி, எனக்கும் கொஞ்ச நாளா...” என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். “அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். அண்ணன்கிட்டகூடச் சொல்லாதீங்க.” வாய்வரை வந்தது, நீ என்னை என்ன பாடு படுத்தினாய் என்று. முகத்தைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேனேஜர் கடைசியாக வந்தார். அவரும் பெட்டியைத் தட்டினார். சுற்றிலும் பார்த்தார். “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்றார். விலாசம் சொன்னேன். இரண்டடி போனவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வட்டம் கூடியது. என்ன செய்வது, பழகிப்போய்விட்டதே. மேனேஜர் வழக்கம்போல் ஒருவரையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். “தராசம்மா, இன்னிக்கு உடம்பு எப்படி?” என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெல்டர் பார்த்தார், லாரிக்காரன் எட்டிப் பார்த்தான், கணக்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பேர் மானமும் என் வாயில் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன்.

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன்.

ஏன் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு எனக்குப் பக்கத்தில் நின்ற என் நாத்தனாரைப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் சொல்லல சார்” என்றாள்.